நடுவில் இருக்கும் அந்த ஒரு மில்லிமீட்டர்

அக்கா மகன் போன ஞாயிற்றுக்கிழமை ஃபோன் செய்தான். கல்லூரியில் முதலாண்டு, காரை வைத்துப் பந்து ஆடும் ராக்கெட் லீக் வீடியோ கேம் என்றால் உயிர். "மாமா, மூவாயிரம் ரூபா சேத்து வெச்சிருக்கேன். வயர் ஜாய்ஸ்டிக் ஒண்ணு வாங்கணும். நான் எவ்வளவு தள்ளுறேனோ அவ்வளவுதான் காரு திரும்பணும். எது வாங்கட்டும்?" என்று கேட்டான். நம் ஊரில் கடைக்காரர் முதல் பிள்ளைகள் வரை எல்லாரும் கருவி முழுவதையும் ஜாய்ஸ்டிக் என்றுதான் சொல்கிறோம். இங்கே நான் கையில் பிடிப்பதைக் கன்ட்ரோலர் என்றும், கட்டைவிரல் வைக்கும் குமிழை ஸ்டிக் என்றும் எழுதுகிறேன், இரண்டும் கலந்துவிட்டால் சொல்ல வந்தது புரியாமல் போய்விடும்.

ஒரு மாடல் பெயரைச் சொல்லிவிட்டு ஃபோனை வைத்திருக்கலாம். ஆனால் அவன் கேட்ட கேள்வி சரியான கேள்வி. எவ்வளவு தள்ளுகிறேனோ அவ்வளவு. விளம்பரத்தில் வரும் எந்தப் பட்டியலிலும் இதற்கு நேரான பதில் கிடையாது. இதே கேள்விக்கு நான் மூன்று கன்ட்ரோலர் மாற்றி, இரண்டு வருடம் செலவழித்துப் பதில் தெரிந்துகொண்டேன். அவனுக்கு அந்த இரண்டு வருடம் மிச்சமாகட்டும் என்று ஒரு மணி நேரம் பேசினேன். பேசியதையும், பேசும்போது விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

நான் ஆடுவது டர்ட் ராலி 2.0 என்ற கார் பந்தய ஆட்டம். கோட்மாஸ்டர்ஸ் 2019-இல் வெளியிட்டது. ஸ்டியரிங் வாங்கி வைக்க வீட்டில் இடமில்லை, அதனால் கன்ட்ரோலரில்தான் ஓட்டுகிறேன். அதில் ஸ்பெயின் நாட்டுத் தார்ச்சாலைகள் வரும். குறுகலான சாலை, ஓரத்தில் தடுப்பு, மணிக்கு நூற்று நாற்பது கிலோமீட்டரில் போய்க்கொண்டிருக்கும்போது வண்டி சற்றே இடது பக்கம் ஒதுங்கும். அப்போது ஸ்டிக்கை வலது பக்கம் ஒரு மில்லிமீட்டர், அதுகூட இல்லை, ஒரு நினைப்பு அளவுக்குத் தொட்டால் போதும். என்னுடைய முதல் கன்ட்ரோலரில் அப்படித் தொட்டால் ஒன்றுமே நடக்காது. இன்னும் கொஞ்சம் தள்ளினாலும் நடக்காது. இன்னும் கொஞ்சம் தள்ளியதும் சட்டென்று வண்டி வெட்டித் திரும்பித் தடுப்பில் மோதும். ஆயிரத்துச் சொச்சம் ரூபாய்க்கு வாங்கியது. பல மாதம் நான் ஓட்டும் விதம்தான் சரியில்லை என்று நினைத்துக்கொண்டு, ஒரே சாலையைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பழகினேன். பழக்கத்தால் சரியாகிற விஷயம் அல்ல அது என்று அப்போது தெரியாது.

ஆட்டத்தின் அமைப்புகளுக்குள் போனால் ஸ்டியரிங் டெட்சோன், சாச்சுரேஷன், லீனியாரிட்டி என்று மூன்று இருக்கும், இங்கே நமக்கு வேண்டியது முதலாவது மட்டும். டெட்சோன் என்றால் ஸ்டிக் நடுவிலிருந்து எவ்வளவு தூரம் நகரும்வரை 'நகரவில்லை' என்றே ஆட்டம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற அளவு. அதைப் பூச்சியத்தில் வைத்தேன். அப்போதும் அதே மரத்த நிலை. ஆட்டம் தடுக்கவில்லை என்றால் வேறு யாரோ தடுக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்? அந்த வேறு யாரோ கன்ட்ரோலருக்குள்ளேயே இருக்கும் சிப், அதில் எழுதியிருக்கும் ஃபர்ம்வேர் என்ற உள் நிரல்.

பிரௌசரில் கன்ட்ரோலரைச் சோதிக்கும் பக்கங்கள் இலவசமாக நிறைய இருக்கின்றன. கன்ட்ரோலரைச் செருகி ஒரு பட்டனை அழுத்தினால், ஒவ்வொரு ஸ்டிக்கும் என்ன எண் அனுப்புகிறது என்று தசமத்தோடு காட்டும். இடது கோடி மைனஸ் 1, வலது கோடி 1, நடு 0. என் கன்ட்ரோலர் ஓய்வில் இருக்கும்போது 0.00000 என்று காட்டியது. ஒரு துளி அசைவில்லை. முதலில் பார்த்தபோது எவ்வளவு சுத்தமான கருவி என்று சந்தோஷப்பட்டேன். அப்புறம் மெதுவாக, மிக மெதுவாக, வலது பக்கம் தள்ளினேன். 0, 0, 0, 0. ஸ்டிக் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குச் சாய்ந்துவிட்டது, இன்னமும் 0. அதன்பின் ஒரே தாவலில் 0.18.

எந்த சென்சாரும் அசையாமல் பூச்சியத்திலேயே நிற்காது, அதில் மெல்லிய நடுக்கம் ஒன்று எப்போதும் இருக்கும். 0.004, மைனஸ் 0.011 என்று ஆடிக்கொண்டிருப்பதுதான் மறைக்காமல் அனுப்பும் கருவியின் அடையாளம். அப்பழுக்கற்ற பூச்சியம் காட்டினால், அந்த நடுக்கத்தை மறைக்க ஃபர்ம்வேர் நடுவில் ஒரு வட்டத்தைப் போட்டு, அதற்குள் நடப்பதையெல்லாம் விழுங்குகிறது என்று பொருள். மலிவான சென்சார், தளர்ந்த ஸ்பிரிங் இரண்டையும் மறைக்க இதைவிடச் சுலபமான வழி கிடையாது. விரல் வைக்காமலே ஸ்டிக் நகர்ந்ததாக எண் போகும் டிரிஃப்ட் வாங்கியவருக்குத் தெரியாது, புகார் வராது. விரலின் நுணுக்கம் போய்விடும், ஆனால் அது போனதும் தெரியாது, ஏனென்றால் அது இருந்தால் எப்படி இருக்கும் என்றே அவருக்குத் தெரியாது.

இதில் இன்னொரு அடுக்கும் உண்டு. விண்டோஸில் பெரும்பாலான ஆட்டங்கள் கன்ட்ரோலரோடு பேசுவது எக்ஸ்இன்புட் வழியாக, மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பாக்ஸ் 360 காலத்தில், 2005-இல் கொண்டுவந்தது. அதில் ஸ்டிக்கின் அளவு மைனஸ் 32768 முதல் 32767 வரை. அதே எக்ஸ்இன்புட்டில் ஆட்டம் எழுதுகிறவர்கள் வசதிக்காக ஒரு டெட்சோன் அளவையும் மைக்ரோசாஃப்ட் எழுதி வைத்திருக்கிறது: இடது ஸ்டிக்குக்கு 7849, வலதுக்கு 8689. கணக்குப் போட்டுப் பாருங்கள், கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு! அன்றைய ஸ்டிக்குகள் தேய்ந்தபிறகும் தொந்தரவு இல்லாமல் ஓட வேண்டும் என்று வைத்த எண் அது, அந்தக் காரணம் எனக்குப் புரிகிறது. ஆனால் அதை அப்படியே எடுத்துப் போட்டுக்கொண்ட ஆட்டங்களில் உங்கள் கட்டைவிரல் கால்வாசித் தூரம் போகும்வரை பயனே இல்லை. அதன்மேல் கன்ட்ரோலரும் தன் பங்குக்கு விழுங்கினால் இரண்டு டெட்சோன் சேர்ந்துகொள்கிறது. ஆட்டத்தில் இருப்பதைப் பெரும்பாலும் குறைத்துக்கொள்ளலாம், கணினி ஆட்டங்கள் விற்கும் ஸ்டீம் தளம் வழியாக ஆடினால் அங்கேயும் மாற்ற வழியுண்டு. கன்ட்ரோலருக்குள் இருப்பதை, தயாரித்தவர் அதற்கென்று மென்பொருள் கொடுத்திருந்தால் ஒழிய, ஒன்றும் செய்ய முடியாது. அதனால்தான் வாங்குவதற்கு முன்னாடியே பார்க்க வேண்டியது நடுப்பகுதி என்கிறேன். மற்ற எதையும்விட அதைத்தான்.

இரண்டாவது கன்ட்ரோலர் நல்ல பெயர் உள்ளது, விலையும் அதிகம். ஒன்றரை வருடம் அருமையாக இருந்தது. அப்புறம் கையை எடுத்தாலும் வண்டி தானாக இடது பக்கம் இழுக்க ஆரம்பித்தது. சென்னை ரிச்சி தெருவில் ஒரு பழுதுபார்க்கும் அண்ணனிடம் எடுத்துப்போனேன். மாடிப்படிக்குக் கீழே ஒரு மேசை, ஒரு விளக்கு, ஒரு சால்டரிங் அயர்ன், அவ்வளவுதான் கடை. திறந்து ஸ்டிக் மாட்யூலின் பக்கவாட்டில் இருந்த சின்னப் பச்சை மூடியை நெம்பி எடுத்து, உருப்பெருக்கிக் கண்ணாடிக்குக் கீழே வைத்துக் காட்டினார்.

"பாருங்க தம்பி, கருப்பா தெரியுதுல்ல, அதான் கார்பன். அது மேல இந்தத் தகடு உரசிக்கிட்டே போவும். எங்க உரசி உரசிப் பளபளன்னு ஆயிருக்கு பாருங்க."

"நடுவுலதான் அதிகமா இருக்கு, இல்லண்ணே?"

"நடுவுலதான். நீங்க எவ்ளோ தூரம் தள்ளுனாலும் திரும்ப நடுவுக்குத்தானே வரணும்? மத்த எடத்த விட அங்கதான் தேய்மானம்."

இந்த ஒரு வாக்கியத்துக்காகவே அன்றைக்குப் போனது வீண் போகவில்லை. பொட்டென்ஷியோமீட்டர் வகை ஸ்டிக்குகள் எல்லாவற்றுக்கும் இதே கதைதான்: கார்பன் பட்டை, அதன்மேல் உரசும் உலோகத் தகடு, இரண்டுக்கும் இடையில் மாறும் மின்தடை. சோனி, மைக்ரோசாஃப்ட், நின்டெண்டோ எல்லாருமே தங்கள் சாதாரணக் கன்ட்ரோலர்களில் இந்த முறையைத்தான் வைத்திருக்கிறார்கள், ஜப்பானின் ஆல்ப்ஸ் நிறுவனத்தின் மாட்யூல் இவற்றில் மிகப் பரவலாக உள்ள ஒன்று. புதிதாக இருக்கும்போது இது தரும் நடுப்பகுதி மிக நன்றாக இருக்கும், இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பழைய முறை என்றாலே மட்டம் என்று இப்போது ஒரு பேச்சு ஓடுகிறது. ஆனால் அது தேய்ந்தே தீரும், அதுவும் எந்த இடத்தில் துல்லியம் மிகத் தேவையோ அதே இடத்தில் முதலில் தேயும். நின்டெண்டோ ஸ்விட்சோடு வரும் ஜாய்கான் கன்ட்ரோலரின் டிரிஃப்டுக்காக 2019-இல் அமெரிக்காவில் வழக்கே போட்டார்கள்.

இதற்கு மாற்றாக வந்தது ஹால் எஃபெக்ட் ஸ்டிக். எட்வின் ஹால் 1879-இல் கண்டுபிடித்த இயற்பியல் அது, மின்சாரம் ஓடும் கடத்தியின் பக்கத்தில் காந்தப்புலம் வந்தால் குறுக்கே ஒரு மின்னழுத்தம் தோன்றும். ஸ்டிக்கின் அடியில் ஒரு காந்தம், அதைத் தொடாமல் உணரும் சென்சார். எதுவும் எதையும் உரசவில்லை, அதனால் தேய்வதற்கு அங்கே பட்டையே கிடையாது. இதைப் புதுமை என்று விற்கிறார்கள், ஆனால் சேகா 1998-இல் வெளியிட்ட ட்ரீம்காஸ்ட் கன்ட்ரோலரிலேயே இது இருந்தது. எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்ட்ரோலரில் ஆள்காட்டி விரலால் இழுக்கும் டிரிகர்களில் 2013 முதலே காந்த சென்சார்தான். ஸ்டிக்குக்கு மட்டும் அது பரவலாகத் திரும்பி வர இவ்வளவு வருடம் ஆயிற்று.

நான் மூன்றாவதாக வாங்கியது ஹால் ஸ்டிக் உள்ளது. பெட்டியில் பெரிய எழுத்தில் ஹால், துல்லியம் என்று பக்கத்தில் பக்கத்தில் போட்டிருந்தார்கள். ஹால் என்பது நீண்ட ஆயுளுக்கான உறுதிமொழி, துல்லியத்துக்கானது இல்லை. ஆனால் படிக்கிறவர் மனதில் இரண்டும் ஒன்றாகிவிடுகிறது. காந்தம் சாய்கிற கோணத்துக்கும் சென்சார் தரும் மின்னழுத்தத்துக்கும் உள்ள உறவு நேர்கோடு இல்லை, அதை நேராக்கும் வேலை ஃபர்ம்வேருடையது. தொழிற்சாலையில் ஒவ்வொரு துண்டையும் ஒழுங்காக அளவு திருத்தி அனுப்பினால் அருமையாக இருக்கும். அவசரத்தில் அனுப்பினால் சாய்ந்த வட்டம், ஒரு பக்கம் சீக்கிரம் நிறைந்து மறுபக்கம் தாமதமாக நிறைவது என்று எல்லாமே வரும். ஸ்டிக்கை நடுவுக்குக் கொண்டுவருவது காந்தம் இல்லை, ஸ்பிரிங். ஸ்பிரிங் மென்மையாக இருந்தால் வலது பக்கமிருந்து விட்டால் ஒரு நடு, இடது பக்கமிருந்து விட்டால் இன்னொரு நடு. உலகத்திலேயே சிறந்த சென்சார் வைத்தாலும் அது அந்த இரண்டு நடுவையும் உண்மையாக அனுப்பும், அவ்வளவுதான்.

இப்போது டிஎம்ஆர் என்று இன்னொன்று வந்திருக்கிறது. அதுவும் காந்தம்தான், உணரும் முறை வேறு, ஹாலைவிட நடுக்கம் குறைவு, மின்சாரமும் மிகக் குறைவாக எடுக்கும். இதில் மின்சாரச் சிக்கனம் என்பது பேட்டரியில் ஓடும் கன்ட்ரோலருக்குப் பெரிய விஷயம். வயரில் ஓடுவதற்கு அதனால் ஒரு பைசா லாபமில்லை. வயர் வாங்கப்போகிறவர் டிஎம்ஆருக்காகக் கூடுதல் பணம் கொடுப்பதானால் நடுக்கம் குறைவு என்ற ஒரு காரணத்துக்காக மட்டும் கொடுக்க வேண்டும், அதையும் ஃபர்ம்வேர் கெடுக்காமல் இருந்தால்தான் அனுபவிக்க முடியும்.

சரி, வயருக்கு வருவோம். மருமகன் வயர்தான் வேண்டும் என்றதற்குக் காரணம் வேகம். வயர் என்றால் உடனே போகும் என்று எல்லாரும் நம்புகிறோம். பாதி உண்மை. கணினி யுஎஸ்பி வழியாகக் கன்ட்ரோலரிடம் 'என்ன நிலவரம்?' என்று விநாடிக்கு இத்தனை முறை கேட்கிறது, அதுதான் போலிங் ரேட். 125 முறை என்றால் 8 மில்லிவிநாடிக்கு ஒரு தடவை, 250 என்றால் 4, 1000 என்றால் 1. சோனி பிஎஸ் 5-உடன் தரும் டூயல்சென்ஸ் கன்ட்ரோலர் வயரில் 250. ஆட்டம் விநாடிக்கு 60 படம் காட்டினால் ஒரு படத்துக்கு 16.7 மில்லிவிநாடி, அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் 125-லிருந்து 250-க்குப் போவது உணரக்கூடிய மாற்றமாக இருக்கலாம், 500-லிருந்து 1000-க்குப் போவது சராசரியாக அரை மில்லிவிநாடி. ராக்கெட் லீக்கின் உள்கணக்கு விநாடிக்கு 120 முறை ஓடுகிறது, அதனால் அவனுக்கு 250-உம் அதற்கு மேலும் எதுவானாலும் போதும் என்றேன். பெட்டியில் 1000 என்று போட்டிருந்தால் நல்லது, அதற்காக மட்டும் ஒன்றைத் தேர்ந்தெடுக்காதே என்றும் சொன்னேன். வீட்டில் டிவியில் ஆடுகிறவர்கள் முதலில் டிவியின் கேம் மோடை இயக்கிப் பாருங்கள். அது இல்லாத சாதாரண முறையில் பல டிவிகளில் சேரும் தாமதம் எந்தப் போலிங் ரேட் வித்தியாசத்தையும் விழுங்கிவிடும் அளவுக்குப் பெரியது.

வயரில் எனக்குப் பிடித்தது வேகத்தைவிட மாறாத தன்மை. ப்ளூடூத்தும் கணினியில் செருகும் 2.4 கிகாஹெர்ட்ஸ் டாங்கிளும் வைஃபையோடு ஒரே அலைவரிசையைப் பங்கிட்டுக்கொள்கின்றன, அடுக்குமாடியில் பக்கத்து வீட்டு ரவுட்டர்கள் பத்து பன்னிரண்டு தெரியும். யுஎஸ்பி 3.0 போர்ட்டே 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சல் கிளப்பும் என்று இன்டெல் 2012-இல் ஓர் அறிக்கையே வெளியிட்டது. தாமதம் 6 மில்லிவிநாடி என்றால் எப்போதும் 6 என்று இருக்கட்டும், விரல் அதற்குப் பழகிவிடும். ஒரு நேரம் 4, ஒரு நேரம் 20 என்றால் எந்த விரலும் பழகாது.

கேபிள் கழற்றி மாட்டும்படி இருப்பது நல்லது. கன்ட்ரோலரோடு ஒட்டிய கேபிள் கழுத்தில்தான் முதலில் அறுகும், அறுந்தால் முழுக் கருவியையும் திறக்க வேண்டும். மாற்றுக் கேபிள் வாங்கும்போது சார்ஜ் மட்டும் ஏறும் கேபிளை வாங்கிவிட்டுக் கன்ட்ரோலர் கெட்டுப்போயிற்று என்று நினைப்பவர்கள் நிறைய, டேட்டா போகும் கேபிளா என்று கேட்டு வாங்குங்கள். இன்னொன்று, விறைப்பான கேபிள் கன்ட்ரோலரை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும், மணிக்கணக்கில் ஆடும்போது கை அதை எதிர்த்துப் பிடிக்கிறது, அந்த இறுக்கம் கட்டைவிரல் வரை வருகிறது. நான் கேபிளை மேசை விளிம்பில் ஒரு கிளிப்பால் பிடித்து, கன்ட்ரோலர் பக்கம் தளர்வாக ஒரு முழம் விட்டு வைத்திருக்கிறேன். இப்போதைய எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர் வைத்திருப்பவர்கள் வயரில் ஆடும்போது உள்ளே இருக்கும் இரண்டு பேட்டரிகளையும் எடுத்துவிடலாம், அவை இல்லாமலே ஓடும், சுமார் 45 கிராம் குறையும்.

இனி வாங்கியதும் செய்ய வேண்டியது. திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள், முதல் நாள் மாலையே, அந்தப் பிரௌசர் பக்கத்தைத் திறந்து அரை மணி நேரம் உட்காருங்கள். மெதுவாகத் தள்ளும் சோதனையை ஏற்கெனவே சொன்னேன்: எந்த இடத்தில் முதல் எண் பிறக்கிறது, பிறக்கும்போது 0.01 என்று தவழ்ந்து வருகிறதா, 0.15 என்று தாவுகிறதா. நான்கு திசையிலும் பாருங்கள், வலது பக்கம் நன்றாக இருந்து கீழ்ப்பக்கம் மோசமாக இருப்பது சாதாரணமாக நடக்கும். அடுத்து ஸ்டிக்கைக் கோடி வரை தள்ளிச் சட்டென்று விட்டுவிட்டு நிற்கும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். திசைக்குப் பத்து முறை. என் மூன்றாவது கன்ட்ரோலர் வலமிருந்து விட்டால் 0.05-லும் இடமிருந்து விட்டால் மைனஸ் 0.06-லும் நின்றது. அதை மறைக்க ஆட்டத்தில் குறைந்தது ஏழு சதவீத டெட்சோன் வைத்தாக வேண்டும், நான் எதற்காகப் புதிதாக வாங்கினேனோ அது அங்கேயே போய்விட்டது. அதைத் திருப்பி அனுப்பி அதே மாடலில் வேறொன்று வாங்கினேன், அது இரண்டு பக்கமும் 0.02-க்குள் நின்றது. அதே மாடல், அதே பெட்டி! அதனால்தான் இணையத்தில் ஒருவர் ஒரு மாடலைப் புகழ்ந்தார், இன்னொருவர் திட்டினார் என்பதையெல்லாம் நான் இப்போது பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. இரண்டு பேரும் உண்மையைச் சொல்லியிருக்கலாம்.

ஸ்டிக்கை விளிம்பைத் தொட்டபடி வட்டமாகச் சுற்றும் சோதனையும் அந்தப் பக்கங்களில் இருக்கும், பிழை இத்தனை சதவீதம் என்று ஓர் எண் வரும். அந்த எண்ணை மட்டும் பார்த்துத் தீர்ப்பு சொல்லாதீர்கள். சரியான வட்டத்தில் மூலைத் திசையில் இரண்டு அச்சும் 0.71-ஐ ஒட்டி இருக்கும். 0.8 வரை போனால் பிழை சதவீதம் ஏறும், ஆனால் அதனால் ஆட்டத்தில் நஷ்டமில்லை, ராக்கெட் லீக் ஆடுகிறவர்கள் சிலர் மூலையில் அதிகம் கிடைக்கட்டும் என்று வேண்டுமென்றே அப்படி மாற்றிக்கொள்கிறார்கள். வட்டத்தை எட்டாமல் உள்ளேயே நின்றுவிடுவதுதான் குறை, அப்போது முழு ஸ்டியரிங் கிடைக்கவே கிடைக்காது. பிழை 0 சதவீதம் என்று வந்தால் நான் இன்னும் கவனமாகப் பார்ப்பேன், வெளிப்பக்கத்தை ஃபர்ம்வேர் வெட்டி வட்டமாக்கியிருக்கலாம். ஸ்டிக் விளிம்பைத் தொடுவதற்கு வெகுமுன்பே 1 வந்துவிட்டால் அதுதான். அப்படியானால் நடுவிலிருந்து கோடிவரை உங்கள் விரலுக்குக் கிடைக்க வேண்டிய தூரம் குறைந்துபோகிறது, அதே அசைவுக்கு வண்டி அதிகம் திரும்புகிறது.

இன்னும் ஒரு சோதனை, அதிகம் பேர் செய்வதில்லை. ஸ்டிக்கைப் பாதி தூரம் மேலே தள்ளிப் பிடித்துக்கொண்டு, அங்கிருந்து இடது வலதாக மெல்ல அசையுங்கள். குறுக்கு அச்சின் எண் 0-விலேயே ஒட்டிக்கொண்டு நகர மறுத்தால், அந்த ஃபர்ம்வேர் ஒவ்வொரு அச்சுக்கும் தனித்தனியாகக் கூட்டல்குறி வடிவத்தில் டெட்சோன் போட்டிருக்கிறது. வண்டி ஓட்டும்போது பாதகமில்லை. துப்பாக்கி ஆட்டத்தில் குறிபார்க்கும்போது கோணலாக இழுக்க வேண்டியதெல்லாம் நேர்கோட்டில் ஓடும். 2001-இல் வந்த நின்டெண்டோ கேம்கியூப் கன்ட்ரோலரில் ஸ்டிக்கைச் சுற்றி எட்டு மூலைகள் கொண்ட பள்ளம் இருக்கும், அதே வருடத்து ஸ்மாஷ் ப்ரோஸ் மெலீ என்ற சண்டை ஆட்டத்தை இன்றும் போட்டிகளில் ஆடுகிறவர்கள் அந்த வயர் கன்ட்ரோலரையே தேடி வாங்கி, எந்தக் கோணம் எந்த எண்ணைத் தரும் என்று அளந்து வைத்திருக்கிறார்கள். கோணத்தை இவ்வளவு அக்கறையோடு பார்க்கும் மனிதர்களிடமிருந்து நான் நிறையக் கற்றுக்கொண்டேன்.

டிரிகர்களைப் பற்றிச் சுருக்கமாக. எக்ஸ்இன்புட்டில் அதற்கு 0 முதல் 255 வரைதான், ஸ்டிக்குக்குள்ள விரிவு இல்லை. அது போதும். பார்க்க வேண்டியது, பாதி இழுத்த இடத்தில் பாதி எண் வருகிறதா, விரலை லேசாக வைத்தாலே ஏறிவிடுகிறதா என்பதுதான். சில கன்ட்ரோலர்களில் டிரிகரின் தூரத்தைக் குறைக்க ஒரு சின்ன நெம்பு இருக்கும், சுடும் ஆட்டங்களுக்கு நல்லது, பிரேக்கை அளந்து மிதிக்க வேண்டிய ராலிக்கு அதைத் தொடாதீர்கள்.

தெளிவுத்திறன் எத்தனை பிட் என்று கேட்டு எழுதுகிறவர்களுக்கு: டூயல்சென்ஸ் ஒவ்வொரு அச்சுக்கும் 8 பிட்தான் அனுப்புகிறது, மொத்தம் 256 படி. சோதனைப் பக்கத்தில் அதன் நடு 0.00392 என்று வருவதற்குக் காரணமே அதுதான், 255-இல் ஒரு பங்கு. அதை வைத்துக்கொண்டு மிக நுணுக்கமாக ஆடுகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். 12 பிட், 4096 படி என்று விளம்பரம் செய்துவிட்டு நடுக்கத்தால் முப்பது படி ஆடிக்கொண்டிருந்தால் அந்தப் படிகளால் என்ன பயன்? அந்த நடுக்கத்தை மறைக்க ஃபர்ம்வேர் பல அளவுகளின் சராசரியை எடுத்து அனுப்பினால் அசைவு பிந்தி வரும். 1000 முறை கேட்டாலும் பழைய செய்தியைத்தான் சொல்லும்.

கையின் அமைப்பும் இதில் சேர்த்திதான். ஸ்டிக் உயரமாக இருந்தால் அதே கோணத்துக்கு விரல் அதிக தூரம் போகிறது, அதனால் சிறு அசைவை அளந்து செய்வது எளிது. உயரம் கூட்டும் மூடிகள் தனியாகவும் கிடைக்கின்றன. எனக்கு இடது ஸ்டிக்கில் அது ஒத்துவரவில்லை, வலதில் வைத்திருக்கிறேன். ஸ்டிக்கின் கழுத்து உரசும் விளிம்பில் வழவழப்பான வளையம் இருக்கிறதா என்றும் பாருங்கள், பிளாஸ்டிக்கோடு பிளாஸ்டிக் உரசினால் சில மாதத்தில் வெள்ளைத் தூள் உதிரும், சுற்றும்போது சொரசொரப்பு தெரியும்.

வாங்கும் முன் எந்தக் கருவிக்கு என்பதில் தெளிவாக இருங்கள். எக்ஸ்பாக்ஸ் கன்சோலில் உரிமம் பெறாத கன்ட்ரோலர்களை மைக்ரோசாஃப்ட் 2023 நவம்பர் முதல் தடுக்கிறது. பிஎஸ் 5 ஆட்டங்களைப் பிஎஸ் 4-இன் பழைய டூயல்ஷாக் 4 கன்ட்ரோலர் வைத்து ஆட முடியாது. கணினி என்றால் தேர்வு நிறைய. கணினிக்கும் எக்ஸ்பாக்ஸுக்கும் சேர்த்து வேண்டும் என்கிறவர்களுக்கு கேம்சர் ஜி7 எஸ்இ, ஹால் ஸ்டிக், ஹால் டிரிகர், கழற்றி மாட்டும் கேபிள், எக்ஸ்பாக்ஸ் உரிமம் உண்டு. கணினி மட்டும் என்றால் 8பிட்டோ அல்டிமேட் 2சி வயர் மாடல், அதுவும் ஹால், போலிங் 1000. காஸ்மிக் பைட், ரெட்கியர், ஆன்ட் ஈஸ்போர்ட்ஸ் என்று நம் நாட்டு நிறுவனங்களும் பல விலையில் விற்கின்றன, அவற்றில் ஹால் ஸ்டிக் இருக்கிறதா என்று மாடலுக்கு மாடல் பார்க்க வேண்டும். விலை வாரத்துக்கு வாரம் மாறுவதால் எண் எழுதவில்லை. பின்பக்கப் பட்டன், விளக்கு, மேக்ரோ எதற்கும் நான் கூடுதலாக நூறு ரூபாய் கொடுக்க மாட்டேன். எளிதாகத் திருப்பி அனுப்ப முடிகிற இடத்தில் வாங்குவதற்குக் கொடுப்பேன்.

மருமகன் கணினிக்கான ஒன்றைப் புதன்கிழமை வாங்கினான். அன்று ராத்திரியே வீடியோ காலில் வந்தான். திரையைக் காட்டிக்கொண்டு ஒவ்வொரு எண்ணாக வாசித்தான், நான் ஒரு பழைய நோட்டில் எழுதிக்கொண்டேன். இடது ஸ்டிக் நான்கு பக்கமும் 0.02-க்குள். வலது ஸ்டிக் மேலிருந்து விட்டால் மட்டும் 0.07-இல் நிற்கிறது.

"மாமா, ராக்கெட் லீக்ல வலது ஸ்டிக் கேமராவுக்குத்தான். இது பரவால்லயா, அனுப்பிடட்டுமா?"

"வேற என்னடா ஆடுவே இதுல?"

கொஞ்சம் யோசித்தான். "ஹாஸ்டல்ல பசங்களோட சுடுற கேம் எல்லாம் ஆடுவோம்."

"அப்ப அனுப்பிடு."

சனிக்கிழமை மாற்றுத் துண்டு வரும் என்றிருக்கிறார்கள். நோட்டில் அதற்கும் ஒரு பக்கம் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.